பாண்டம் கோழி: சேலத்துக்கு எது, ஏற்காட்டுக்கு எது?

உருவில் சிறிய அழகுக் கோழியான பாண்டம் வாங்க நினைப்பவர்களில் பெரும்பாலானோர் நிறத்தையும் வாலையும் பார்த்தே முடிவெடுத்துவிடுகிறார்கள். ஏப்ரல் வெயிலிலோ அக்டோபர் ஈரத்திலோ கூண்டில் ஒன்று குறையும்போதுதான் ஊரைப் பற்றிய யோசனை வருகிறது. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒரு மணி நேரப் பயணம். அதற்குள் வெப்பம் ஏறத்தாழ பத்து டிகிரி இறங்கிவிடும். கீழே துள்ளித் திரிந்த கோழி மேலே போய்ச் சளி பிடித்து ஒடுங்கும். மேலே கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்த கோழி கீழே வந்தால் மே மாதத்தைத் தாண்டாது.

அதனால் இங்கே முதலில் கேட்க வேண்டியவை இரண்டு. உங்கள் இடத்தில் கோழிக்கு எதிரி வெயிலா, ஈரமா? முட்டையை யார் அடைகாக்கப் போவது? இவை முடிவானால் இனம் பாதி முடிவானது போலத்தான்.

இனங்கள்

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டுமே. அதற்கு நம் சிறிய நாட்டுக்கோழியான சிறுவிடையே சரி. பெட்டை ஒரு கிலோ முதல் ஒன்றேகால் கிலோ, சேவல் ஒன்றரை கிலோ அளவில் நிற்கும். ஆண்டுக்கு மூன்று நான்கு சுற்று முட்டை வைக்கும். சுற்றுக்குப் பன்னிரண்டு பதினைந்து. தானே அடையில் உட்காரும், தானே குஞ்சு மேய்க்கும், பருந்தைக் கண்டால் குரல் கொடுக்கும். இது பாண்டம் கணக்கில் வராது. ஆனாலும் பாண்டம் வளர்க்கும் எந்த வீட்டிலும் இரண்டு சிறுவிடைப் பெட்டை இருப்பது நல்லது. காரணம் பின்னால் வரும்.

ஜப்பான் பாண்டம் சேலம் சமவெளிக்குப் பொருந்துகிற கோழி. பெட்டை அரை கிலோவுக்குச் சற்று மேல். கொண்டை பெரியது. கோழிக்கு வியர்க்காது, கொண்டையும் தாடியும் வழியாகவும் மூச்சிரைத்தும்தான் உடல் சூட்டை வெளியே தள்ளும். அதனால் பெரிய கொண்டை வெயில் ஊரில் ஒரு பலம். குறை கால்களில் இருக்கிறது. கால் மிகக் குட்டை. இறக்கை நுனி தரையைத் தொடும். மழை நாளில் ஈர மண்ணில் நடந்தால் இறக்கை நுனியிலும் அடிவயிற்றிலும் சேறு அப்பிக் காய்ந்து, இறகு கட்டியாகிவிடும். ஏற்காட்டில் ஜூனிலிருந்து நவம்பர் வரை இதே கதைதான். மலையில் இதை வளர்ப்பதென்றால் முழுக்கக் கூரைக்கு அடியில், உலர்ந்த உமிப் படுக்கையில்தான்.

செராமா மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில் உருவானது. உலகிலேயே சிறிய கோழி இனம் இதுதான். நல்ல செராமா 500 கிராமுக்கு மேல் போகாது. முட்டை 20 முதல் 25 கிராம். வெப்பமண்டலக் கோழி என்பதால் சேலத்து வெயிலை நிழல் இருந்தால் தாங்கிக்கொள்ளும். மொட்டை மாடியிலோ வராந்தாவிலோ மூன்று கோழிக்கு மேல் இடமில்லை என்பவர்களுக்கு இது ஒரு நல்ல தேர்வு. ஏற்காட்டின் டிசம்பர் இரவு 12, 13 டிகிரிக்கு இறங்கும்போது இவ்வளவு சின்ன உடலில் சூடு நிற்காது. விளக்குப் போட்டுக் காப்பாற்றலாம். ஆனால் மலையில் மின்சாரம் போகிற நாளும் அதே மழைக் குளிர் நாளாகத்தான் இருக்கும்.

சில்க்கியைப் பார்த்து ஆசைப்படாதவர் குறைவு. ஐந்து விரல், கறுத்த தோல், பஞ்சு போன்ற இறகு. அந்த இறகில்தான் சிக்கல். சாதாரண இறகின் இழைகளைக் கோத்துப் பிடிக்கும் நுண்கொக்கிகள் சில்க்கிக்கு இல்லை. ஆகவே நீர் ஒட்டாமல் வழிந்தோடாது, உறிஞ்சிக்கொள்ளும். ஒரு தூறலில் தோல்வரை நனைந்துவிடும். மூடுபனி நாள்கணக்கில் விலகாத ஏற்காட்டில் வெளியே விட்டால் இது சளிக்கு அழைப்பு. சேலத்திலோ அந்தப் பஞ்சு மூட்டைக்குள் வெப்பம் தங்கும். இரண்டு ஊருக்கும் இது அரைப் பொருத்தம்தான். என்றாலும் இதைவிடப் பிடிவாதமாக அடை உட்காரும் கோழி கிடையாது என்பதால், குஞ்சு பொரிக்க மட்டும் ஒன்றிரண்டு வைத்துக்கொள்வோர் உண்டு. தலைக் குடுமி கண்ணை மறைத்தால் கத்தரித்துவிடுங்கள். பார்வை மறைந்த கோழி தீவனத்தட்டில் எப்போதும் பின்தங்கும்.

கொச்சின் பாண்டம் ஏற்காட்டுக்கான கோழி. உருண்டை உடல், அடர்த்தியான இறகு, கால் விரல்வரை இறகு. குளிரைப் பொருட்படுத்தாது, சாது, கீழே உட்கார்ந்தே தூங்கும், அடையும் உட்காரும். கால் இறகு ஈரத்தில் ஊறக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. ஊறினால் செதில்களுக்கு அடியில் நுண்பூச்சி சேர்ந்து, செதில் தூக்கிக்கொண்டு சுண்ணாம்பு படிந்ததுபோல் கால் தடிக்கும். இளஞ்சூட்டு நீரில் காலை ஊறவைத்துப் பழைய பல் துலக்கியால் தேய்த்து, வேப்பெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து வாரம் ஒருமுறை நான்கு வாரம் பூசினால் பூச்சி மூச்சுமுட்டிச் சாகும். செதிலைப் பிய்த்தெடுக்கக் கூடாது, ரத்தம் வரும். சேலத்தில் கொச்சின் பாண்டம் வைப்பது, வெளிப்படையாகச் சொன்னால், ஏப்ரல் மே மாதங்களில் மின்விசிறியும் நனைந்த சாக்கும் இல்லாமல் நடக்காது.

செப்ரைட் இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சர் ஜான் செப்ரைட் என்பவர் உருவாக்கிய இனம். வெள்ளியும் பொன்னுமாக ஒவ்வொரு இறகுக்கும் கறுப்பு விளிம்பு. அழகில் இதற்கு நிகர் இல்லை; குஞ்செடுப்பதில் இதைவிடக் கடினமும் இல்லை. சேவலுக்குப் பெட்டை போலவே இறகு வளரும். வளைந்த வால் இறகு இருக்காது. இதனால் சேவல் இரண்டை ‘ஜோடி’ என்று விற்பதும் நடக்கிறது. கொண்டையின் அளவையும் கால் முள்ளையும் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். கருக்கூடாத முட்டை அதிகம், மாரெக் என்ற வைரஸ் நோய்க்கு எளிதில் ஆளாகும். முதல் கோழியாக இதை வாங்க வேண்டாம்.

குட்டைக் கால் கணக்கு

ஜப்பான் பாண்டமோ செராமாவோ எடுப்பவர்கள் இதைப் புரிந்துகொள்ளாமல்தான் ‘இன்குபேட்டர் சரியில்லை’ என்று மெஷினைத் திட்டுகிறார்கள்.

குட்டைக் காலுக்குக் காரணமான மரபணு தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே குஞ்சுக்கு வந்தால், அந்தக் கரு முட்டைக்குள்ளேயே முதல் வாரத்தில் இறந்துவிடும். குட்டைக் கால் சேவலையும் குட்டைக் கால் பெட்டையையும் சேர்த்து, கருக்கூடிய 12 முட்டை வைத்தால், சராசரியாக 3 கரு செத்துப்போகும், 6 குட்டைக் கால் குஞ்சு, 3 நெட்டைக் கால் குஞ்சு. ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தால் ரத்த வளையம் மட்டும் தெரியும் முட்டைகள் கரு செத்த அந்த மூன்றுதான்.

அதே குட்டைக் கால் சேவலோடு நெட்டைக் கால் பெட்டையைச் சேர்த்தால்? 12 முட்டையில் 6 குட்டை, 6 நெட்டை. இந்தக் காரணத்தால் ஒன்றும் சாகாது. குட்டைக் கால் குஞ்சின் எண்ணிக்கை இரண்டு முறையிலும் ஒன்றே! செத்துப்போகும் மூன்றுக்குப் பதில் மூன்று நெட்டைக் கால் குஞ்சு கூடுதலாகக் கிடைக்கிறது, அவ்வளவுதான். ஆகையால் ‘கால் நீளம், தரமில்லை’ என்று கழித்துக் கட்டும் பெட்டைகளைக் குறைந்த விலைக்குக் கேட்டு வாங்குங்கள். அவற்றுக்குக் குட்டைக் கால் அக்கா தங்கைகளைவிட முட்டை வைப்பதும் அடைகாப்பதும் எளிது. நெட்டையோடு நெட்டையைச் சேர்த்தால் மட்டும் குட்டைக் கால் வராது.

சுருள் இறகுக் கோழிக்கும் கிட்டத்தட்ட இதே விதி. சுருளோடு சுருளைச் சேர்த்தால் நாலில் ஒன்று இறகு முறிந்து, அரைகுறை மொட்டையாக வளரும். சுருளுக்கு நேர் இறகு ஜோடிதான் சரி.

ஜோடி அளவைப் பொறுத்தவரை, ஒரு பாண்டம் சேவலுக்கு நான்கு முதல் ஆறு பெட்டை போதும். இரண்டு பெட்டை மட்டும் இருந்தால் சேவல் ஏறி ஏறி முதுகு இறகைப் பிய்த்துவிடும். கொச்சினுக்கும் சில்க்கிக்கும் பின்புற இறகு அடர்த்தி என்பதால், சேவல், பெட்டை இரண்டுக்கும் ஆசனவாயைச் சுற்றி இறகைக் கத்தரித்துவிட்டால் கூமுட்டை குறையும். வேறு சேவலோடு இருந்த பெட்டையை வாங்கினால் மூன்று வாரம் கழித்து வைக்கும் முட்டையைத்தான் அடைக்கு எடுக்க வேண்டும். பழைய சேவலின் விந்து இரண்டு மூன்று வாரம்வரை பெட்டையின் உடலில் உயிரோடு இருக்கும்.

அடைக்கோழியா, இன்குபேட்டரா?

ஐந்து பத்து முட்டைக்கு அடைக்கோழி. மாதம் முப்பதுக்கு மேல் என்றால் இன்குபேட்டர். எண்ணிக்கையை வைத்து இப்படிச் சொல்லிவிடலாம். ஊரை வைத்துப் பார்த்தால் பதில் கொஞ்சம் மாறும்.

முதலில் முட்டைச் சேமிப்பு. சேலத்தில் மே மாதம் அறை வெப்பமே 35ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, அடை வைக்கும் முன்பே செத்துவிடும். பலர் ‘சேவல் சரியில்லை’ என்று நினைக்கும் கூமுட்டைகளில் பல இப்படி வந்தவை. வாயகன்ற மண்பானையில் பாதிக்கு ஈர மணல் போட்டு, மேலே துணி விரித்து, முட்டையைக் கூர்முனை கீழே இருக்கும்படி வைத்து, வீட்டின் குளிர்ந்த மூலையில் மூடி வைக்கலாம். வெயில் மாதத்தில் நான்கு நாளுக்கு மேல் சேர்க்க வேண்டாம். மற்ற மாதங்களில் ஏழு நாள். ஏற்காட்டில் இந்தச் சிக்கல் அநேகமாக இல்லை, அறையிலேயே வைக்கலாம்.

அடைக்கோழி என்று முடிவானால், சிறுவிடைப் பெட்டைதான் முதல் தேர்வு. தன் முட்டையில் 12 வரை மூடும். பாண்டம் முட்டை 14, 15 மூடும். ஏற்காட்டுக் குளிரில் 10 போதும். செராமா முட்டைக்கு மட்டும் இது கொஞ்சம் கனமான கோழி. மெல்லிய ஓடு நசுங்கும் என்பதால் இருப்பதில் எடை குறைந்த, பதற்றமில்லாத பெட்டையாகப் பார்த்து வையுங்கள். சில்க்கி தாயாக இருந்தால் வேறொரு தொல்லை: அதன் நூல் போன்ற இறகு சின்னக் குஞ்சின் கழுத்திலோ காலிலோ சுற்றிக்கொள்ளும். அடை வைக்குமுன் அடிவயிற்று இறகைக் குட்டையாக வெட்டிவிட வேண்டும்.

அடைக்கூடைக்குக் கீழே நான்கு விரற்கடை மணல், மேலே வைக்கோல், ஓரத்தில் நொச்சி அல்லது வேப்பிலை. இடி இடித்தால் முட்டை கெடும் என்று கரித்துண்டும் இரும்புத்துண்டும் வைக்கும் வழக்கம் நம் பக்கம் இன்றும் உண்டு. வைப்பதால் கெடுதல் இல்லை. குஞ்சு கிடைப்பது மணலாலும் பேன் இல்லாத கோழியாலும்தான். பேன் பிடித்த கோழி இரவில் எழுந்து எழுந்து உட்காரும், முட்டை ஆறிவிடும். ஆகவே உட்காரவைக்கும் முன் இறக்கைக்கு அடியிலும் ஆசனவாய்ப் பக்கமும் இறகை விலக்கிப் பாருங்கள்.

குஞ்சு பொரித்த பிறகு நேரும் ஒரு சின்ன விபத்தைச் சொல்ல வேண்டும். சிறுவிடைக் குஞ்சுக்குப் பின்னிய பஞ்சாரத்தின் இடைவெளியில் பாண்டம் குஞ்சு நழுவி வெளியே போய்விடும். 30 கிராம் முட்டையிலிருந்து வரும் குஞ்சு 20 கிராம்தான் இருக்கும். செராமாக் குஞ்சு 15 கிராம். வெளியே போன குஞ்சு கத்தும், தாய் உள்ளே தவிக்கும், காக்கை வந்துவிடும். பஞ்சாரத்தின் கீழ் ஓரடிக்குக் கொசுவலையைச் சுற்றித் தைத்துவிடுங்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு நிரப்புங்கள். அரை இஞ்ச் நீரே இந்தக் குஞ்சு மூழ்கப் போதும்.

இன்குபேட்டர் என்றால், காற்றாடி உள்ள பெட்டியில் 37.5 டிகிரி. காற்றாடி இல்லாத தெர்மாகோல் பெட்டியில் முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து 38.3 முதல் 38.8. முதல் நாட்களில் ஈரப்பதம் 50 முதல் 55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65 முதல் 70. பாண்டம் முட்டை 19, 20ஆம் நாளிலேயே வெடிக்கும், செராமா 19இல். அதனால் சிறுவிடை முட்டையோடு ஒரே பெட்டியில் வைப்பதானால் பாண்டம் முட்டையை ஒரு நாள், செராமாவை இரண்டு நாள் தாமதமாக வையுங்கள். இல்லாவிட்டால் ஒன்று பொரியும்போது மற்றதற்கு முட்டை உருட்ட முடியாமல் போகும். கடையில் வரும் தட்டு 55, 60 கிராம் முட்டைக்கு அளவெடுத்தது. பாண்டம் முட்டை அதில் சாய்ந்து கூர்முனை மேலே திரும்பிக்கொள்ளும். காடைத் தட்டு கேட்டு வாங்குங்கள், அல்லது குழிக்குள் காகிதத்தை மடித்துச் செருகுங்கள்.

மலையில் இன்குபேட்டர் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஈரப்பதம். 1,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 84 சதவீதம்தான். அழுத்தம் குறைந்த காற்றில் ஓட்டின் துளை வழியே நீர் வேகமாக வெளியேறும். அதே சமயம் ஏற்காட்டின் மழைக்காலக் காற்று ஏற்கெனவே ஈரம் நிறைந்தது. இரண்டும் ஒன்றையொன்று எவ்வளவு ஈடுகட்டும் என்பது மாதத்துக்கு மாதம் மாறும். ஆகவே கருவியில் தெரியும் எண்ணை நம்பாமல் முட்டையை நிறுக்க வேண்டும். ஒரு கிராம் துல்லியம் உள்ள சமையலறைத் தராசு போதும். 10 முட்டை முதல் நாள் 300 கிராம் என்றால், ஏழாம் நாள் 285 அளவுக்கும், 18ஆம் நாள் 258 முதல் 264க்குள்ளும் வர வேண்டும். ஏழாம் நாளில் 290க்கு மேல் நின்றால் தண்ணீர்த் தட்டைச் சுருக்குங்கள். 280க்குக் கீழே போனால் கூட்டுங்கள். எடை குறையாத முட்டையில் காற்றறை சிறியதாக இருக்கும். குஞ்சு முழுதாக வளர்ந்து, ஓட்டைக் குத்தத் தொடங்கி, நீரில் திணறிச் சாகும். அதிகம் காய்ந்த முட்டையில் உட்சவ்வு குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். பொரியாத முட்டையை உடைத்துப் பார்த்தாலே எது நடந்தது என்று தெரிந்துவிடும்; நாற்றத்துக்குப் பயந்து அப்படியே குப்பையில் போடாதீர்கள்.

மின்வெட்டுக்கு அதிகம் பயப்படத் தேவையில்லை. பெட்டியைத் திறக்காமல் கம்பளியால் மூடினால் ஒரு மணி, இரண்டு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். வெட்டு முடிந்ததும் அவசரமாகச் சூட்டை ஏற்றிவிடுவதுதான் ஆபத்து. 40 டிகிரியைத் தாண்டும் சூடு குளிரைவிட வேகமாகக் கொல்லும்.

எங்கள் தீர்ப்பு: சேலத்தில் வெயில் மாதங்களில் இன்குபேட்டரும் வேண்டாம், அடையும் வேண்டாம். மற்ற மாதங்களில் இரண்டு சிறுவிடை அடைக்கோழி பத்து பாண்டம் வளர்ப்பவருக்குத் தாராளம். ஏற்காட்டில் அடைக்கோழியே எப்போதும் நம்பகமானது. மின்சாரம் போனாலும் அது சூட்டை விடாது.

கூண்டு

பாண்டத்துக்கு இரவு தங்க ஒன்றரை முதல் இரண்டு சதுர அடி, பகலில் உலாவ நாலைந்து சதுர அடி. இது இரண்டு ஊருக்கும் பொது. மற்றதெல்லாம் வேறு.

சேலத்தில் தகரக் கூரையானால் மேலே தென்னங்கீற்று போர்த்துங்கள் அல்லது சுண்ணாம்பு அடியுங்கள். கூண்டின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் காலை மாலைச் சாய்வெயில் குறைவாக உள்ளே வரும். மொட்டை மாடியில் வைப்பவர்கள் தளத்தின் மேல் நேராக வைக்கக் கூடாது. பகலில் குடித்த சூட்டைக் கான்கிரீட் இரவு முழுக்கக் கக்கும். இரண்டடி உயர ஸ்டாண்ட் மேல், நிழல்வலைக்கு அடியில், ஐந்துக்கு நாலடிக் கூண்டு என்றால் ஒரு சேவலும் நான்கு பெட்டையும் இருக்கலாம். தீவனம் காலை எட்டுக்கு முன், மாலை ஐந்துக்குப் பின். தின்ற சில மணி நேரத்தில் செரிமானச் சூடு உச்சத்துக்குப் போகும். அது நண்பகலோடு சேரக் கூடாது. சேவல் கூவுவதைப் பக்கத்து வீடு பொறுக்குமா என்பதையும் வாங்கும் முன்பே யோசிக்க வேண்டும். பாண்டத்தின் கூவல் பெரிய சேவலைவிடக் கீச்சென்று ஒலிக்கும். கூவாமலிருக்க விடியும்வரை தாழ்ந்த இருட்டுப் பெட்டியில் அடைப்பது வெளிநாட்டுக் குளிருக்கு வேலை செய்யும். சேலத்தில் டிசம்பர், ஜனவரி தவிர அது சேவலை அவித்துவிடும்.

ஏற்காட்டில் கூண்டின் தரை மண்ணிலிருந்து ஒன்றரை அடியாவது உயரட்டும். தென்மேற்கிலிருந்து சாரல் அடிக்கும் பக்கம் முழுக்கப் பலகை, எதிர்ப்பக்கம் வலை, கூரைக்குக் கீழே அரை அடிக் காற்றிடைவெளி. குளிருக்குப் பயந்து நான்கு பக்கமும் தார்ப்பாய் கட்டுவதுதான் மலையில் அதிகம் நடக்கும் பிழை. எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா உள்ளேயே தங்கி, கண் ஒழுகி, மூச்சில் கரகரப்பு வரும். உட்கார்ந்து கூண்டின் உயரத்துக்கு முகத்தைக் கொண்டுபோய் மூச்சை இழுத்துப் பாருங்கள். உங்கள் கண் எரிந்தால் கோழிக்கு எப்போதோ எரிந்திருக்கும். கீழே மூன்று இஞ்ச் உமி, வாரம் இருமுறை கிளறல், கட்டியானதை அள்ளி வெளியே போடல்.

கீரி, மரநாய், காட்டுப்பூனை மூன்றும் காப்பித் தோட்டத்தை ஒட்டிய வீடுகளுக்குச் சாதாரணம். அறுகோணக் கோழிவலை கோழியை உள்ளே வைக்கும். கீரியை வெளியே நிறுத்தாது. கீழ் இரண்டடிக்கு அரை இஞ்ச் வெல்டு மெஷ் வேண்டும். மண்தரைக் கூண்டானால் அதே வலையை ஓரடி வெளிப்பக்கம் படுக்கவைத்து மண்ணில் புதையுங்கள். பாண்டத்தின் தலை சிறியது என்பதால் பெரிய கண்ணுள்ள வலையில் தலையை வெளியே நீட்டும். தலையை மட்டும் இழந்த கோழி காலையில் கிடப்பது அதனால்தான்.

தீவனத்தில் பெரிய வேறுபாடு இல்லை. பாண்டம் ஒன்றுக்கு நாளைக்கு 40 முதல் 60 கிராம். ஐந்து கோழிக்கு மாதம் ஏழரை கிலோ. குஞ்சுத் தீவனத்தில் புரதம் 20 சதவீதம் இருக்கட்டும். சேவலும் பெட்டையும் ஒன்றாக இருப்பதால் முட்டைக்கோழித் தீவனத்தை எல்லோருக்கும் போடாதீர்கள். அதன் சுண்ணாம்புச்சத்து சேவலின் சிறுநீரகத்துக்குக் கெடுதல். வளர்கோழித் தீவனத்தோடு கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் வேண்டிய பெட்டை தின்னும். மலையில் மக்காச்சோளமும் கடலைப் பிண்ணாக்கும் ஒரு மாதத்துக்கு மேல் இருப்பு வைத்தால் பூஞ்சணம் பிடித்துக் கல்லீரலைக் கெடுக்கும்.

எங்கே, எதை வாங்குவது

கொங்கணாபுரம் சனிச்சந்தை போன்ற இடங்களில் வளர்ந்த கோழி கிடைக்கும். பார்த்து வாங்கலாம் என்பது இலாபம். எல்லா ஊர்ச் சளியும் அங்கே கூடும் என்பது நட்டம். கையில் எடுத்ததும் மூன்று பாருங்கள். நெஞ்செலும்பு கத்தி போலத் துருத்துகிறதா, காதருகே வைத்தால் மூச்சில் கரகரப்பு உண்டா, ஆசனவாயில் வெள்ளையோ பச்சையோ ஒட்டியிருக்கிறதா. எதை வாங்கினாலும் மூன்று வாரம் மற்ற கோழிகளிடமிருந்து தள்ளி வையுங்கள். தீவனம் வைக்கும்போது புதியதைக் கடைசியாகக் கவனியுங்கள், முதலில் அல்ல.

குஞ்சாக வாங்கினால் மலிவு. சேவல் எது, பெட்டை எது என்பது சூதாட்டம். சில்க்கியில் ஐந்தாறு மாதம்வரை உறுதியாகச் சொல்ல முடியாது. முட்டையாக வாங்கினால் நோய் வரும் வாய்ப்பு குறைவு, ஆனால் வண்டிக் குலுக்கலில் காற்றறை கழன்றுவிடும். வந்ததும் கூர்முனை கீழே இருக்க ஒரு நாள் அசையாமல் வைத்த பிறகே அடைக்குப் போக வேண்டும். முதன்முறை வளர்ப்பவருக்குக் கூவத் தொடங்கிய சேவலும் முட்டையிடத் தொடங்கிய பெட்டையும் உள்ள குழுவே, விலை கூடினாலும், செலவு குறைந்த வழி.

கீழே வாங்கி மேலே கொண்டுபோவதானால் பிப்ரவரி, மார்ச்சில் கொண்டுபோங்கள், மலை காய்ந்திருக்கும். நவம்பரில் கொண்டுபோன கோழி சூடு இறங்கும் அதிர்ச்சியையும் ஈரத்தையும் சேர்த்தே சந்திக்கும்.

நோயும் நாட்காட்டியும்

குஞ்சுக்கு ரத்தக்கழிச்சல் மூன்று முதல் ஆறு வாரத்தில், ஈர உமியில் வரும். 20 சதவீத ஆம்ப்ரோலியம் தூள் லிட்டருக்கு 1.2 கிராம், ஐந்து நாள், வேறு தண்ணீர் இல்லாமல். அந்த நாட்களில் வழக்கமாக ஊற்றும் பி காம்ப்ளக்ஸ் டானிக்கை நிறுத்துங்கள். அதிலுள்ள தயாமின் மருந்தின் வேலையை முறித்துவிடும்.

வெள்ளைக்கழிச்சலுக்கு ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு லசோட்டா தடுப்பு மருந்து, நான்காம் வாரம் இன்னொன்று, எட்டாவது வாரத்தில் இறக்கை ஊசி. எட்டு வாரத்துக்கு முன் அந்த ஊசியைப் போடக் கூடாது. அது வீரியம் மிக்க மருந்து, இளங்குஞ்சுக்குக் கால் இழுத்துக்கொள்ளும். லசோட்டா குப்பி நூற்றுக்கணக்கான கோழிக்கு வருவது. கரைத்தால் ஐஸில் வைத்து இரண்டு மணி நேரத்தில் தீர்க்க வேண்டும். ஆகவே பக்கத்தில் நாட்டுக்கோழி வைத்திருப்போர் நாலைந்து பேரோடு ஒரே நாளில் போட்டுக்கொள்வது மிச்சம்.

எட்டு வாரம் முடிந்தவற்றுக்குக் கால்நடைப் பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் இருவார முகாம் நடத்தி இலவசமாகவே போடுகிறது. சேலத்தில் வளர்ப்பவர்கள் அதற்கேற்ப நவம்பர் முதல் வாரத்தில் அடை வைத்தால், மாதக் கடைசியில் குஞ்சு வந்து முகாமுக்கு ஒன்பது வாரம் ஆகியிருக்கும். வெயில் ஏறுமுன் இறகும் முழுசாகிவிடும். ஏற்காட்டில் நவம்பர்க் குஞ்சு குளிரில் நிற்காது. அங்கே பிப்ரவரிக் கடைசியில் அடை வைத்து, ஊசிக்கு மட்டும் மே மாதத்தில் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே சொல்லி வைத்துப் போட்டுக்கொண்டால், ஜூன் மழை தொடங்குவதற்குள் குஞ்சு சாரலைத் தாங்கும் அளவுக்கு வளர்ந்திருக்கும்.